வீட்டு ஆளுக்கு எதுக்குக் கூலி

தனத்தின் அப்பா உடையார்பாளையத்தில் மளிகைக் கடை வைத்து நொடித்துப்போனவர். அவரை யாரும் ஏமாற்றவில்லை, கடையில் திருட்டும் போகவில்லை. வீட்டில் சர்க்கரை தீர்ந்தால் கடையிலிருந்து வரும். விருந்தாள் வந்தால் பருப்பும் எண்ணெயும் கடையிலிருந்து வரும். மூத்த மகள் கல்யாணத்துக்குக் கல்லாப்பெட்டியே வீட்டுக்கு வந்துவிட்டது. அப்புறம் ஜெயங்கொண்டத்து மொத்தக் கடைக்காரருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. கடையைச் சாத்திவிட்டு முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்கக் கூலிக்குப் போனார். நேற்றுவரை தன்னிடம் பற்று வைத்தவர்களோடு ஒரே வரிசையில் குனிந்து பொறுக்கினார்.

தனம் அதைப் பார்த்து வளர்ந்தவள். அதனால்தான் அரியலூரில் சிமென்ட் ஆலைக்குப் போகும் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடை போடலாம் என்ற எண்ணம் வந்தபோது அவள் உடனே அடுப்பு மூட்டிவிடவில்லை. ஏறக்குறைய ஒரு வருஷம் யோசித்தாள்.

அவள் கணவன் வைரக்கண்ணு ஆலையில் மூட்டை பிடிக்கும் பகுதியில் வேலை பார்த்தான். ஷிப்ட் முடிந்து வரும்போது புருவமும் காது மடலும் சாம்பல் பூத்திருக்கும். ஆலை புதிது. திருச்சிப் பக்கமிருந்தும் குன்னம் பக்கமிருந்தும் வேலைக்கு வந்த கல்யாணமாகாத பையன்கள் டவுனில் அறை எடுத்துத் தங்கி, மத்தியானத்துக்கு டீயும் பன்னும் தின்று காலம் தள்ளினார்கள். "நல்ல சோறு கிடைச்சா காசப் பாக்க மாட்டானுங்க" என்று வைரக்கண்ணு பேச்சுவாக்கில் சொன்னதுதான் ஆரம்பம்.

வாடகை வீட்டில் அவர்களோடு வைரக்கண்ணுவின் தங்கை ராசாத்தியும் இருந்தாள். தாய் தகப்பன் இருவரும் அடுத்தடுத்துப் போன பிறகு அண்ணன் அழைத்து வந்துவிட்டான். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது நடந்துகொண்டிருந்தது. அதிகம் பேசமாட்டாள். கைதான் பேசும். அவள் கரைத்த புளியில் வைத்த குழம்பைக் கையில் ஊற்றிக் குடிக்கலாம். ஊரில் முந்திரித் தோப்பை விற்றதில் அவள் பங்கு என்று ஒரு தொகையைப் போஸ்டாபீஸில் போட்டிருந்தார்கள், கல்யாணத்துக்கு.

"கடைக்கு முதல் பத்தலேன்னா..." என்று வைரக்கண்ணு ஒருநாள் அந்தப் பணத்தின் பக்கம் பேச்சை இழுத்தான்.

தனம் பாதியிலேயே வெட்டினாள். "அதத் தொட்டா நான் கடையே போட மாட்டேன். அது அவ காசு."

அதில் அவளுக்குப் பெருமையும் இருந்தது. நாத்தனார் காசை அள்ளித் தின்னும் அண்ணிகளை அவள் அறிவாள். தான் அந்த ரகம் இல்லை.

அவள் போட்ட திட்டம் அந்தத் தெருவில் படித்தவர்களுக்கும் வந்திருக்காது. முதலில் வீட்டுச் செலவைத் தனியாக எடுத்து வைத்தாள். வாடகை, அரிசி, பிள்ளைகள் இருவரின் பள்ளிக்கூடம், மருந்து, ஊருக்குப் போக வர பஸ் செலவு. இவை அத்தனையும் வைரக்கண்ணுவின் சம்பளத்துக்குள் அடங்க வேண்டும். கடை ஓடினாலும் ஓடாவிட்டாலும் வீடு கடையைத் தொடக்கூடாது. சினிமா நின்றது. வைரக்கண்ணுவின் பீடி பாதியாகக் குறைந்தது. தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு மட்டும் துணி. மூன்று மாதத்துக்கு வீடு ஓடுகிற பணத்தைச் சீட்டுப் போட்டுச் சேர்த்தாள், ஒருவேளை ஆலையில் லே-ஆஃப் விட்டால் கடையிலிருந்து எடுக்கும் சபலம் வரக்கூடாது என்று.

பிறகு கடைச் செலவு. ரோட்டோரக் கொட்டகைக்கு அட்வான்ஸ், பாத்திரம், விறகு, லைசென்ஸ், வாழை இலை. பையன்கள் சம்பள நாளில்தான் காசு கொடுப்பார்கள், அதனால் ஒரு மாதம் முழுக்கக் கைக்காசில் சோறு போட வேண்டியிருக்கும். அந்த ஒரு மாத மளிகைதான் பெரிய முதல் என்று கண்டுபிடித்தவளும் அவளே. ஐப்பசி கார்த்திகை மழையில் லாரி வராது, வியாபாரம் படுக்கும், அதற்கும் கொஞ்சம் ஒதுக்கினாள். பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த காதுத்தோட்டையும் ஒரு கறவை மாட்டையும் விற்றதில் எல்லாம் ஒருவழியாகக் கூடி வந்தது.

"கூலி?" என்றாள் தனம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சமையலுக்கு ஒரு ஆளு, கழுவ ஒரு ஆளு. ரெண்டு கூலி விழும்ங்க. அதப் போட்டா மிச்சம் ஒண்ணுமே நிக்கல."

வைரக்கண்ணு சிரித்தான். "கூலிக்கு ஆளு எதுக்கு? நீ இருக்க, ராசாத்தி இருக்கா. வூட்டு ஆளுக்கு எதுக்குக் கூலி?"

முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ராசாத்தி திரும்பிப் பார்த்து, "நான் பாத்துக்கறேன் அண்ணி. சும்மாதான இருக்கேன்" என்றாள்.

தனம் கூலியை அதோடு விட்டுவிட்டாள். கணக்கு நின்றது. மிச்சம் நன்றாகவே நின்றது.

எண்பத்தொன்றில் தை பிறந்ததும் கடை திறந்தார்கள். ராசாத்தி விடியலில் அடுப்புப் பற்ற வைப்பாள். காலை இட்லி முடிவதற்குள் மத்தியானத்துக்கு அரிசி களைந்திருப்பாள். தனம் பரிமாறுவாள், காசு வாங்குவாள், பற்று வைப்பாள், சந்தைக்குப் போவாள். புதன்கிழமை கருவாட்டுக் குழம்பு. அன்றைக்கு லாரி டிரைவர்கள் வண்டியை வரிசையாக நிறுத்திவிட்டு இலைக்குக் காத்து நிற்பார்கள். மூன்றாவது மாதமே கடை தன் காலில் நின்றது.

வீட்டையும் கடையையும் தனம் கலக்கவே இல்லை. வீட்டுக்கு ஒரு கரண்டி எண்ணெய் கடையிலிருந்து போனாலும் அதற்கான சில்லறையை வீட்டுக் காசிலிருந்து எடுத்துக் கடை டப்பாவில் போட்டுவிடுவாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து வடை கேட்டால், "வூட்டுல போய் சோறு தின்னுங்க" என்று விரட்டுவாள். பார்த்தவர்கள் கருமி என்றார்கள். அவள் கவலைப்படவில்லை. அப்பா எங்கே தவறினாரோ அங்கே தான் தவறமாட்டோம் என்று இருந்தாள்.

அடுத்த வருஷம் ஐப்பசிப் புயல் கொட்டகையின் கீற்றைப் பிய்த்து எறிந்தது. கடனை வாங்கித் தகரம் போட்டார்கள். அந்தக் கடன் தவணையில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் வீரம்மாள் வந்தாள்.

தங்கராசு என்று ஒரு பையன் ஒரு வருஷமாகக் கடையில் சாப்பிட்டு வந்தான். ஆலை எடைமேடையில் வேலை. குன்னத்துக்காரன், இவர்கள் சாதிசனம்தான். கடைசிப் பந்தியில் வந்து உட்காருவான். சாப்பிட்டு முடித்ததும் தண்ணீர்க் குடம் காலியாக இருந்தால் கிணற்றடிக்குப் போய் நிரப்பி வைத்துவிட்டுப் போவான். ராசாத்தி வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டான். அவர்களுக்குள் அதற்கு மேல் ஒரு பேச்சும் இருந்ததாகத் தனத்துக்குத் தெரியாது.

ஒரு சந்தை நாளில் ராசாத்தி காய் வாங்கப் போயிருந்தாள். அன்றைக்குத் தனத்துக்குக் காலில் சுளுக்கு. மத்தியானக் கூட்டம் ஓய்ந்த நேரம். நல்ல கண்டாங்கிச் சேலை கட்டிய ஒரு அம்மாள் உள்ளே வந்து பெஞ்சியில் உட்கார்ந்தாள்.

"நான் தங்கராசோட அம்மா, வீரம்மா. நீங்கதான தனம்?"

"ஆமாங்க. வாங்க, வாங்க. தண்ணி குடிங்க."

"உங்க நாத்தனாரு ஒரு பொண்ணு இருக்காமே. அந்தப் பொண்ணு கைதான் சமையலாம். எம்மவன் ஊருக்கு வந்தா ஒரே குழம்புப் புராணம்மா. பொண்ணப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறான், குழம்பப் பத்தியே பேசறான். அதுலயே எனக்குப் புரிஞ்சுபோச்சு." வீரம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். "நகை நட்டுன்னு எங்களுக்கு ஒண்ணும் கேக்கறதுக்கில்ல. உங்க வூட்டுக்காரரு இருக்கறப்ப ஆம்பளைங்க முறையா வருவாங்க. அதுக்கு முன்ன பொம்பளைக்குப் பொம்பளை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு பஸ் ஏறி வந்துட்டேன்."

நல்ல இடம். அது தனத்துக்கு அந்தக் கணமே தெரிந்தது. பையன் தங்கமானவன், மாமியார் சிரிக்கத் தெரிந்தவள், வரதட்சணை இல்லை. ராசாத்தியின் போஸ்டாபீஸ் பணத்திலேயே கல்யாணத்தை முடித்துவிடலாம். வைரக்கண்ணு கேட்டால் துள்ளிக் குதிப்பான்.

ஆனால் அதே கணத்தில் வேறொன்றும் ஓடியது. அவள் வேண்டுமென்று நினைக்கவில்லை, மனசு தானாகவே கூட்டிப் பார்த்தது. ராசாத்தி போய்விட்டால் சமையலுக்கு மாஸ்டர் போட வேண்டும். மாஸ்டரோடு ஒரு எடுபிடி. தகரத்துக் கடன் இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. புதன்கிழமைக் கருவாட்டுக் குழம்பு இருக்காது. லாரிகள் நிற்காது. கடை நிற்காது.

"அவளுக்கு மாமன் மவன் இருக்காங்க" என்றாள் தனம். "சின்னதுலயே பேசி வெச்சது."

ராசாத்திக்குத் தாய்மாமனே கிடையாது. அவள் அம்மா ஒற்றைப் பெண்.

வீரம்மாளின் முகம் சற்று வாடியது. உடனே சரிப்படுத்திக்கொண்டாள். "அப்படியா ஆயி? உரிமைக்காரன் இருக்கறப்ப நாம பேசறது முறையில்ல. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்." தனம் வற்புறுத்தியதால் ஒரு கை சோறு சாப்பிட்டாள். காசு வேண்டாம் என்றாலும் கேட்காமல் பெஞ்சியில் வைத்துவிட்டு எழுந்தாள். வாசலில், தலையில் காய்க்கூடையோடு வந்துகொண்டிருந்த ராசாத்தி எதிர்ப்பட்டாள். வீரம்மாள் நின்று அவள் முகத்தைப் பார்த்து, மோவாயைத் தொட்டு, "நல்லா இரு தாயி" என்றுவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள்.

"யாரு அண்ணி அவங்க?"

"யாரோ. பஸ்ஸுக்கு நின்னவங்க."

தங்கராசு அந்த மாதக் கடைசியில் பற்றைத் தீர்த்துவிட்டு நின்றுபோனான். வேறு கடைக்குப் போகிறான் என்றார்கள். வைகாசியில் அவனுக்குக் கல்யாணம் ஆனது.

"அந்த எடைமேடை ஆளு ஏன் அண்ணி இப்பல்லாம் வரதில்ல?" என்று ராசாத்தி ஒருநாள் கேட்டாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

"எனக்கென்ன தெரியும்."

"குழம்பு பிடிக்காமப் போச்சோ என்னவோ" என்றாள் ராசாத்தி.

அந்த ஒரு வார்த்தை தனத்துக்குள் முள்ளாக இறங்கியது. ராசாத்தி அதற்குப் பிறகு கொஞ்ச நாள் குழம்பை ஒன்றுக்கு இரண்டு தடவை ருசி பார்த்தாள். புளி கூடிவிட்டதா, உப்புக் குறைந்துவிட்டதா என்று தனத்தின் கையில் ஊற்றிக் கேட்டாள். தனம் நக்கிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஆடித் தள்ளுபடியில் ராசாத்திக்கு ஒரு பூனம் சேலை வாங்கிக் கொடுத்தாள். "எதுக்கு அண்ணி இப்ப? பண்டிகைகூட இல்லையே" என்றாள் ராசாத்தி. பிறகு ஒரு வெள்ளிக் கொலுசு. சாப்பிடும்போது அவளுக்குத் தயிரை அதிகமாக ஊற்றுவாள். உடம்புக்கு முடியவில்லை என்று ராசாத்தி ஒருநாள் படுத்தால் அடுப்படிக்குத் தானே போய்விடுவாள், அவளை எழுந்திருக்கவே விடமாட்டாள். இந்தக் கரிசனத்தைப் பார்த்துத் தெருப் பெண்கள், "அண்ணின்னா இப்படி இருக்கணும்" என்று சொன்னார்கள். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் தனம் ஏதாவது வேலையைச் சாக்கிட்டு உள்ளே போய்விடுவாள்.

தகரக் கடன் முடிந்ததும் மாப்பிள்ளை பார்த்துவிடலாம் என்று தனக்குத்தானே தவணை சொல்லிக்கொண்டாள். கடன் முடிந்தது. அந்த வருஷம் பெரிய பையன் பெரம்பலூரில் ஹாஸ்டலில் சேர்ந்தான். வீட்டுச் செலவு சம்பளத்துக்குள் அடங்காமல் போனது. கடை லாபத்திலிருந்து வீட்டுக்கு ஒரு தொகை என்று முறையாக ஒதுக்கினாள். இன்னொரு வருஷம் போகட்டும் என்றாள். தரகர் உத்திராபதி இரண்டு இடங்கள் கொண்டு வந்தார். ஒன்று தூரம், இன்னொன்றில் பையன் குடிக்கிறான். தட்டிக் கழிக்கச் சரியான காரணங்கள் கிடைத்தபோது, தனம் மனசுக்குள் நிம்மதி அடைந்தாள். நிம்மதி அடைந்ததைத் தானே கவனித்துக் கூசினாள்.

எண்பத்தைந்தில் பங்குனித் தேருக்குக் கல்லங்குறிச்சிக்குப் போனார்கள், தனமும் ராசாத்தியும். வைரக்கண்ணுவுக்கு ஷிப்ட். பெருமாளைச் சேவித்துவிட்டு, கூட்டத்தில் இடிபட்டு வெளியே வந்து, கரும்புச்சாறுக் கடை நிழலில் நின்றிருந்தார்கள். யாரோ ராசாத்தியின் தோளைத் தொட்டார்கள்.

வீரம்மாள். இடுப்பில் ஒரு குழந்தை, பேரன்.

"நல்லா இருக்கியா தாயி? என்னைய உனக்கு ஞாபகம் இருக்காது. தங்கராசு அம்மா. எங்க, உன் வூட்டுக்காரரு வரலியா? மாமன் மவனுக்குத்தான உன்னையக் கேட்டிருக்குன்னு சொன்னாங்க. நான் பொண்ணு கேட்டு வந்த அன்னிக்கே உங்க அண்ணி சொல்லிட்டாங்களே, அதான் நாங்க ஒதுங்கிட்டோம்."

தனத்துக்குத் தன் கையிலிருந்த கிளாஸிலிருந்து சாறு வழிந்து சேலையில் கொட்டியதுகூடத் தெரியவில்லை.

ராசாத்தி வீரம்மாளைப் பார்த்தாள். பிறகு திரும்பித் தனத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை நீண்டிருக்காது, குழந்தை ஒருதரம் கொட்டாவி விடுகிற நேரம். பின் வீரம்மாள் பக்கம் திரும்பி, "அவரு வேலைக்குப் போயிட்டாருங்க" என்றாள்.

"அப்படியா. புள்ளைங்க?"

"இன்னும் இல்லீங்க."

"பெருமாள் குடுப்பாரு." வீரம்மாள் குழந்தையை ராசாத்தியின் கையில் கொடுத்தாள். ராசாத்தி வாங்கி, தன் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுத்தாள். பிறகு பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாள்.

பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் வந்தார்கள். தனம் வாயைத் திறக்க எத்தனையோ தடவை முயன்றாள். ராசாத்தி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள். இறங்கியதும் நேராகக் கடைக்குப் போய், சேலையை மாற்றிக்கொண்டு, மறுநாளைக்கு உளுந்து ஊறப்போட்டாள்.

அவள் கத்தியிருக்கலாம். நாலு பேர் முன்னால் கேட்டிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூடத் தனம் நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டிருப்பாள். ராசாத்தி எப்போதும்போல விடியலில் எழுந்தாள், அடுப்பு மூட்டினாள், "அண்ணி, அரிசி தீரப்போவுது" என்றாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. தனத்தைக் காப்பாற்றுவதற்காக ஊரார் முன்னால் பொய் சொன்னவளிடம் போய் என்னவென்று மன்னிப்புக் கேட்பது?

பொறுக்கமாட்டாமல் வைரக்கண்ணுவிடம் சொல்லிவிட்டாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அடிப்பான் என்று நினைத்தாள். சோற்றுக் கையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் தங்கச்சிக்கு வந்த இடத்த..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். தட்டிலேயே கையைக் கழுவினான். "உன்னைய என்னான்னு சொல்றது தனம்? தரகரு வரப்பல்லாம் நானும்தான் ரெண்டு மனசா இருந்தேன். இவ போயிட்டா கடைய எப்படி ஓட்டறதுன்னு. வாயத் தொறந்து சொல்லல, அவ்வளவுதான்."

இருவருமாகப் போய்ப் பேசுவது என்று முடிவு செய்தார்கள். ஆனால் ராசாத்தியே முந்திக்கொண்டாள். இரண்டு வாரம் கழித்து, மத்தியானப் பந்தி முடிந்து மூவரும் கடையில் இருந்த நேரம், ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்து நின்றாள்.

"அண்ணி, எனக்கு இந்த மாசத்துலேருந்து கூலி போடுங்க. மாஸ்டருக்கு என்ன குடுப்பீங்களோ அது."

"எல்லாமே உனக்குத்தான் ராசாத்தி" என்று தனம் அழத் தொடங்கினாள். "இத்தன வருஷத்துக்கும் சேத்துக் குடுத்துடறேன். கொஞ்சம் கொஞ்சமா..."

"பழசு வேணாம்."

"நான் பண்ணது..."

"பழசு வேணாம்னு சொன்னேன் அண்ணி." அவள் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "அத எதுல சேத்தி எதுல கழிப்பீங்க? வுடுங்க. அண்ணே, நீ எனக்கு மாப்பிள்ளை பாரு. யாரு வந்தாலும் நான் வேணாம்னு சொல்லப் போறதில்ல, நீங்களும் சொல்லாதீங்க."

அவ்வளவுதான் அவள் பேசியது. அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது.

தனம் அன்றைக்கு மறுபடியும் முதலிலிருந்து கணக்குப் போட்டாள். அரிசி, விறகு, வாடகை, எல்லாம் போட்டு, முன்பு விட்டதையும் போட்டாள், ராசாத்திக்கு ஒரு கூலி, மழைக்கும் நோவுக்கும் அவளுக்குப் பதிலாள் போட ஒரு தொகை. மிச்சம் கிட்டத்தட்ட ஒன்றுமே நிற்கவில்லை. நாலு வருஷமாக லாபம் லாபம் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தது ராசாத்தியின் கூலி. அதிலிருந்துதான் தகரக் கடன் கட்டினாள், அதிலிருந்துதான் பையன் ஹாஸ்டலில் சாப்பிட்டான். பூனம் சேலையும் கொலுசும்கூட அந்தக் காசுதான். அப்பா கடையிலிருந்து வீட்டுக்குச் சர்க்கரை எடுத்தார். அவள் வீட்டிலிருந்து கடைக்கு ஒரு பெண்ணின் இளமையை எடுத்துப் போட்டு, டப்பாவில் ஒரு பைசாவும் திருப்பி வைக்கவில்லை.

சாப்பாட்டுக்கு எட்டணா ஏற்றினாள். சில பையன்கள் முணுமுணுத்துவிட்டு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ராத்திரி டிபனை நிறுத்தினாள். கடை சிறுத்தது, ஆனால் ஓடியது. மாதம் பிறந்தால் முதல் வேலையாக ராசாத்தியின் பணத்தை அவள் கையில் கொடுத்தாள். ராசாத்தி எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டாள். அப்படி எண்ணி வாங்கியது தனத்துக்கு வலித்தது, வலிக்கட்டும் என்றும் இருந்தது.

மாப்பிள்ளை வேட்டை சுலபமாக இல்லை. இருபத்தாறு வயது என்றதும் பெண் பார்க்க வந்தவர்கள், "இத்தன நாளு ஏன் வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் தனம் தலைகுனிந்து நின்றாள். வைரக்கண்ணு ஏதேதோ சொல்லிச் சமாளித்தான். கடைசியில் அமைந்தது வேப்பந்தட்டையில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் அய்யம்பெருமாள். மனைவி இறந்தவர், மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. முப்பத்தைந்து வயது, அமைதியான மனுஷன். தனத்துக்கு மனசே ஒப்பவில்லை. "ரெண்டாந்தாரமா ராசாத்தி? இன்னும் கொஞ்சம் பாக்கலாமே" என்றாள்.

"பாத்தது போதும் அண்ணி" என்றாள் ராசாத்தி.

எண்பத்தாறு வைகாசியில் கல்யாணம். போஸ்டாபீஸ் பணம் வட்டியோடு அப்படியே இருந்தது. அதை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு, செலவு முழுவதையும் வைரக்கண்ணு ஆலையில் கடன் போட்டுச் செய்தான். கடைக்குப் பொன்னாயி என்றொரு அம்மாளைச் சம்பளத்துக்குச் சமையலுக்கு வைத்தார்கள். கருவாட்டுக் குழம்பு அவளுக்கு அவ்வளவாக வரவில்லை. புதன்கிழமை லாரிகள் குறைந்தன. தனம் அதை இழப்பாக நினைக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு ராசாத்திக்கு இரண்டு தடவை உண்டாகி, இரண்டும் தங்கவில்லை. பெரம்பலூரில் டாக்டரம்மா இனிமேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சேதி வந்த அன்று தனம் கடையைத் திறக்கவில்லை. வயதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரம்மா சொன்னதாக வைரக்கண்ணு வந்து சொன்னான். விதி என்றார்கள் தெருப் பெண்கள். தனம் எதையும் காதில் வாங்கவில்லை. அன்றைக்குக் கல்லங்குறிச்சியில் வீரம்மாளின் பேரனைத் தோளில் போட்டுத் தட்டிய கைதான் அவள் கண்ணுக்குள் நின்றது.

அதிலிருந்து மாதம் ஒருமுறை வேப்பந்தட்டைக்குப் போகத் தொடங்கினாள். அரியலூரில் பஸ் ஏறி, பெரம்பலூரில் மாறி, மலை தெரிகிற பக்கமாகப் போய் இறங்குவாள். கையில் முறுக்கு, நல்லெண்ணெய், குழந்தைக்குப் பாவாடை. உள்ளே நுழைந்து ராசாத்தியைப் பார்த்ததும் கண் கலங்கிவிடும். முந்தானையால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ராசாத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து தேற்றுவாள். "எனக்கென்ன அண்ணி கொறை, நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். காபி போட்டுக் கொடுப்பாள். திரும்பும்போது பஸ் ஸ்டாப்வரை வந்து ஏற்றிவிடுவாள்.

எண்பத்தொன்பதில், ஒரு கார்த்திகை மாதம், தனம் போயிருந்தபோது ராசாத்திக்கு மூச்சு விட நேரமில்லை. அவர்களுடைய வயலிலிருந்து வந்த சின்ன வெங்காயம் வாசல் நிறையக் கிடந்தது. அய்யம்பெருமாள் இரண்டு மோட்டாரோடு மல்லாடிக்கொண்டிருந்தார். ஆறு வயதுப் பெண் காய்ச்சலாகப் படுத்திருந்தாள். ராசாத்தி வெந்நீரும் கையுமாக ஓடிக்கொண்டிருந்தாள். தனம் படியேறியதும் வழக்கம்போலக் கண்ணில் நீர் முட்டியது. தேம்பினாள்.

ராசாத்தி வெந்நீர்ச் செம்பைக் கீழே வைத்தாள்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க."

"சொல்லு ராசாத்தி."

"மாசா மாசம் அழுத மூஞ்சியோட வராதீங்க. நீங்க வந்தா எனக்கு உங்களத் தேத்தற வேலையும் சேந்துடுது. நீங்க போனப்புறம் ரெண்டு நாளைக்கு எனக்கு எதுவும் ஓட மாட்டேங்குது." அவள் கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள். "வாங்க, வேணாம்னு சொல்லல. வந்தா நாலு வேலைய செய்ங்க, சாப்புடுங்க, போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போங்க. என்னால ஒவ்வொரு தடவையும் 'ஒண்ணுமில்ல அண்ணி, ஒண்ணுமில்ல அண்ணி'ன்னு சொல்லிக்கிட்டு இருக்க முடியாது. ஒண்ணுமில்லாம இல்ல. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

இத்தனை மாதமாகத் தன் மனப்பாரத்தைப் பஸ்ஸில் சுமந்துகொண்டு வந்து இந்த வீட்டில் இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறோம் என்பது அப்போதுதான் தனத்துக்கு உறைத்தது. மன்னித்துவிடு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் ராசாத்தி மறுபடியும் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். கொண்டுவந்த பையை உள்ளே வைத்துவிட்டுப் படுத்திருந்த குழந்தையிடம் போய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். ஈரத்துணியைப் பிழிந்து போட்டாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, வெங்காயத்தைக் காம்பு கிள்ளித் தரம் பிரிக்கத் தொடங்கினாள். உள்ளே ராசாத்தி உலை வைக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணி, ரசம் வைக்கட்டா, மோர் போதுமா?"

"ரசம் வை" என்றாள் தனம்.